மெழுகுதிரிச் சட்டத்துக்குள் மாப்பிள்ளை

எனக்குக் கலியாணம் கூடி வந்தபோது காதோரம் நரைத்திருந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதற்காகவே முகத்தை எப்போதும் கொஞ்சம் கடுகடுப்பாக வைத்திருப்பேன். கண்டியில் ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் மட்டுமல்ல, கூடப் படிப்பித்தவர்களும் என்னைக் கண்டால் ஓரமாகத்தான் போவார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். சின்ன வயதில் ஒரு கலவரத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள். அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு கண்டிக்கு வந்து, கன்னியர் மடத்துக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் குடிவைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் கோவில்தான். வேலை வேண்டுமா, ஃபாதரிடம் போ. காய்ச்சலா, சிஸ்டரிடம் போ. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு மிஞ்சியது நானும் அந்தக் கோவிலும்தான். பக்தி என்று சொல்லமாட்டேன். பழகிவிட்டது.

அவரை அந்தக் கோவிலில்தான் கண்டேன். ஞாயிறு தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்று, சுருதி சேராமல், தொண்டை கிழியப் பாடுவார். வடக்கே வன்னிக் கரையோரத்து ஊர். கடலுக்குப் போகிற குடும்பம். வயிற்றில் ஒரு சத்திரசிகிச்சைக்காகப் பேராதனை ஆஸ்பத்திரிக்கு வந்தவர். காயம் ஆறுவதற்குள் சண்டை மூண்டு வன்னிக்குப் போகிற பாதையைப் பூட்டிவிட்டார்கள். திரும்பிப் போக முடியவில்லை. பிலிமத்தலாவையில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கடைக்குப் பின்னாலேயே தங்கிவிட்டார். வன்னி என்று ஐசியில், அதுதான் அடையாள அட்டையில், இருந்தால் போதாதா, பொலிசுக்குப் பதிவு, சோதனைச் சாவடியில் இறக்கம், மாதத்துக்கு ஒரு விசாரணை என்று அவருடைய நாட்கள் போய்க்கொண்டிருந்தன. என்னைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள் அவர். அதைவிடப் பெரிய பயங்களையெல்லாம் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

இரண்டு பேரும் பங்குத் தந்தையிடம் போய்ச் சொன்னோம். வயதான மனுசன், பசுவைப் போலச் சாதுவானவர். ஆனால் திருச்சபைச் சட்டம் என்று வந்துவிட்டால் மலையையே நகர்த்தினாலும் அவரை நகர்த்த முடியாது.

“சந்தோஷம் டீச்சர். ஆனா ஓலை ரெண்டு பங்கிலயும் படிக்கணும். உங்க பங்கு இது. தம்பியோட பங்கில யாரு படிப்பா?”

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வழக்கத்தில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் இன்னாரும் இன்னாரும் மணம் முடிக்கப் போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று வாசிப்பார்கள். தோட்டப் பக்கத்தில் அதற்குப் பெயர் ஓலை படிப்பது. பெண்ணின் ஊரிலும் படிக்க வேண்டும், மாப்பிள்ளையின் ஊரிலும் படிக்க வேண்டும். அவன் ஏற்கெனவே கட்டினவனா இல்லையா என்பது பிறந்து வளர்ந்த பங்கில், அதாவது அந்தக் கோவிலைச் சேர்ந்த ஊரில், இருக்கிற சனத்துக்குத்தானே தெரியும்.

அந்தச் சனம் எங்கே? சண்டை கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்த நாட்கள் அவை. அவருடைய ஊர்க் கோவிலுக்கு ஷெல் விழுந்து கூரை போய்விட்டது என்று கேள்வி. சாமியாரும் சனத்தோடு சனமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். வன்னியில் ஓர் ஊர் இராணுவத்திடம் பிடிபட்டது என்று ரேடியோ சொல்லும்போதெல்லாம் இங்கே சந்திகளில் பட்டாசு வெடிக்கும். அவருடைய ஊர் பிடிபட்ட அன்று மருந்து வாங்க வந்த ஒரு பெண், நல்ல மனசோடுதான், அவர் கையில் வெற்றியைக் கொண்டாடச் செய்த பாற்சோற்றுத் துண்டு ஒன்றை வைத்திருக்கிறாள். அவர் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிடாமல் என்ன செய்ய முடியும்?

அவருக்கு அங்கே இருந்தது அம்மா மட்டும்தான். மாரி மழை தொடங்கிய காலத்தில் யாரிடமோ கேட்டு வாங்கிய போனில் இரண்டு வார்த்தை பேசியிருக்கிறார். அதோடு சரி. உயிரோடு இருக்கிறாவா, முகாமுக்கு வந்துவிட்டாவா, ஒன்றும் தெரியாது. நான் ஓலையைப் பற்றிக் கவலைப்பட்டேன். அவருடைய கவலை வேறு.

“அம்மாவுக்குத் தெரியாமல் நான் கலியாணம் கட்டமாட்டன்,” என்று ஃபாதர் முன்னாலேயே சொன்னார். “அவ வரத் தேவையில்லை. வர ஏலாது எண்டு எனக்குத் தெரியும். அவவின்ரை காதிலை விழ வேணும், அவ்வளவுதான்.”

எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. தெரியாத இடத்தில் இருக்கிற தாய்க்குத் தெரியப்படுத்து என்றால் எப்படி? இதை அப்போதே சொல்லியிருக்கலாம், ஃபாதர் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவரே வழியும் சொன்னார். “சுவாமி, எங்கடை பங்கு இப்ப இன்டர்நெற்றிலைதான் இருக்கு. அதிலை வாசிச்சால் என்ன?”

அது உண்மைதான். அவருடைய ஊர்ப் புனிதரின் பேரில் ஓர் இணையப் பக்கம் இருந்தது. ஜெர்மனியில் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிற அந்த ஊர்க்காரர் ஒருவர், வேலை முடிந்து வந்து தனியாளாக நடத்தியது. காலையில் அன்றைய நற்செய்தி வாசகம் இருக்கும். வைகாசியில் செபமாலையை யாரோ பாரிசில் பதிவுசெய்து அனுப்புவார்கள். பழைய கொடியேற்றப் படங்கள், திருச்சொரூபம் சுற்றிவருகிற படங்கள், முதல்நன்மை எடுத்த பிள்ளைகள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற படங்கள் எல்லாம் இருக்கும். திருநாள் அன்று ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒவ்வொருவராக வந்து “திருநாள் வாழ்த்துக்கள்” என்று எழுதிவிட்டுப் போவார்கள். யார் வீட்டுக்கு யார் வரவில்லை என்ற பழைய சண்டையையும் அங்கேயே பிடிப்பார்கள். கூரை மட்டும்தான் இல்லை, மற்றபடி முழுப் பங்கு.

ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு பொத்தான் உண்டு. அதை அமத்தினால் ஒரு மெழுகுதிரி எரியும். சுடர் ஆடும். தூரத்தில் இருக்கிறவர்கள் கோவிலுக்குப் போய்த் திரி கொளுத்துவதற்குப் பதிலாக அது. நான் முதலில் பார்த்தபோது சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஃபாதர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நெடுநேரம் யோசித்தார். இணையத்தில் ஓலை படிக்கலாம் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, கூடாது என்றும் இல்லை. கடைசியில், “சரி போடுங்க. மூணு வாரம் இருக்கட்டும். ஆட்சேபனை இருந்தா எனக்கு நேரா அறிவிக்கச் சொல்லுங்க. அந்தப் பங்குச் சாமியார் கிடைச்சா அவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்,” என்றார்.

அறிவித்தலை மாப்பிள்ளைதான் எழுதினார். மேசையில் குனிந்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற மாதிரி எழுதினார். “வன்னியைப் பிறப்பிடமாகவும் கண்டியை வதிவிடமாகவும் கொண்ட” என்று தொடங்கி, இன்னாரின் மகன், இன்னாரின் பேரன், இன்னாரின் சகோதரன் என்று ஒரு வரியும் விடாமல் எழுதி, அதற்குப் பிறகுதான் என் பெயரும், திருமணமும், தடையும் வந்தன. மருந்துக் கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று நான் வெட்டினேன். அந்த நாட்களில் ஒருவன் எங்கே இருக்கிறான் என்று ஊருக்கெல்லாம் சொல்வது புத்தியில்லை. ஃபாதர் வாசித்துத் தலையாட்டினார். எங்கள் மூன்று பேர் கண்ணுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

படம் வேண்டும் என்று ஜெர்மனிக்காரர் சொல்லியிருந்தார். என் படத்தைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். நரையும் நானும் உலகமெல்லாம் சுற்ற வேண்டுமா? அவருடைய படம் மட்டும் போனது. பொலிஸ் பதிவுக்காக எடுத்த படம். அதில் அவர் சிரிக்கவே இல்லை.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் மாடியில் ஓர் இன்டர்நெட் கடை இருந்தது. கடைக்காரர் முஸ்லிம், அவருடைய மகள் என்னிடம் படித்தவள். அந்த மரியாதையில் எங்களுக்கு எப்போதும் மூலைக் கதிரையைத் தருவார். தமிழ்ப் பக்கங்கள் பார்க்க வருகிறவர்களைப் பற்றிக் கேட்டு அவரிடம் ஆட்கள் வந்து போயிருந்தார்கள்.

“மிஸ், ஸ்கிரீன ரோட்டுப் பக்கம் காட்டாம வெச்சிக்கோங்க,” என்பார். “நீங்க ஓதுறதத்தான் பாக்குறீங்கன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியோணுமே. தமிழ் எழுத்தக் கண்டாலே கேள்விதான் ஈக்கி.”

அப்படி ஒரு சனிக்கிழமை, அறிவித்தல் போட்டு ஒரு வாரம் போன பிறகு, பக்கத்தைத் திறந்தோம். அவருடைய படம் மேலேயே இருந்தது. படத்தைச் சுற்றிக் கறுப்புச் சட்டம். இரண்டு பக்கமும் இரண்டு மெழுகுதிரி. அதற்குக் கீழே பெரிய எழுத்தில் “வன்னியைப் பிறப்பிடமாகவும் கண்டியை வதிவிடமாகவும் கொண்ட”. மற்றதெல்லாம் சின்ன எழுத்தில், இன்னும் கீழே.

எங்கள் நாட்டில் தமிழ் வாசிக்கிற எவருக்கும் அந்த வரி தெரியும். மரண அறிவித்தல் அப்படித்தான் தொடங்கும், எல்லாப் பத்திரிகையிலும், எல்லா ரேடியோவிலும். அந்த மாதங்களில் அந்தப் பக்கத்தில் வந்ததெல்லாம் மரணம்தான். ஜெர்மனிக்காரரிடம் இருந்ததும் அந்த ஒரு சட்டம்தான். வேலைக் களைப்பில் படத்தை எடுத்து வழக்கம்போல அதற்குள் செருகியிருக்கிறார். அவரையும் என்ன சொல்ல? அறிவித்தல் எழுதப் போனவரும் வாசித்தவர்களும் அந்த வரியைத் தவிர வேறொரு தொடக்கம் தெரியாதவர்களாக அல்லவா இருந்திருக்கிறோம்!

கீழே போகப் போக அனுதாபம். நித்திய இளைப்பாற்றி. ஆழ்ந்த இரங்கல். ரொறன்ரோ, லண்டன், ஒஸ்லோ, திருச்சி. ஒருவருமே கடைசிவரை வாசிக்கவில்லை. வாசிக்க எங்கே தெம்பு? நாளுக்கு எத்தனை படம் பார்த்தார்களோ, சட்டத்தைக் கண்டதும் கை தன்பாட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கும். அரைகுறையாக வாசித்த ஒரு பெண் மட்டும், “இளம் வயதில் கணவனை இழந்து தவிக்கும் மனைவிக்குக் கர்த்தர் ஆறுதல் தருவாராக,” என்று என் பெயரைப் போட்டு எழுதியிருந்தாள். கழுத்தில் தாலி ஏறவில்லை, அதற்குள் அறுத்துவிட்டார்கள். “இளம் வயதில்” என்று எழுதினாளே, அதற்காக அவளை மன்னித்தேன்.

அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்த வாத்தியார் ஒருவர், தங்கமான பொடியன், படிப்பிலும் பண்பிலும் முதல்வன் என்று எழுதியிருந்தார்.

“இந்த மனுசன் எனக்கு அடிச்ச அடி எனக்குத்தான் தெரியும்,” என்றார். “உயிரோடை இருக்கேக்கை ஒருக்காலும் இப்பிடிச் சொல்லேல்லை, பாரும்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கீழே ஒரு வரிசைத் திரிகள் ஆடிக்கொண்டிருந்தன. அவர் பொத்தானில் விரலை வைத்து, “எனக்கு நானும் ஒண்டு கொளுத்தட்டோ?” என்றார். கையைத் தட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு அது உறைத்தது. “அம்மாவுக்கு ஆரும் சொல்லியிருப்பினமோ?”

உடனே கீழே எழுதினார். நான் சாகவில்லை, இது கலியாண அறிவித்தல், தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள் என்று எழுதினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதில் வந்தது. செத்தவன் பேரில் விளையாடுகிறாயே, நீயெல்லாம் தாய்வயிற்றில் பிறந்தவனா என்று ஒருவர். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், அதைவிட மோசமாக. கொஞ்ச நேரத்தில் அவர் எழுதியதையே காணவில்லை. கேலி என்று நினைத்து முறையிட்டிருக்கிறார்கள், சில பேர் முறையிட்டால் அந்தப் பக்கம் தானாகவே அழித்துவிடுமாம். தான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல ஒரு மனுசனுக்கு இடமில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கணினியைத் தூக்கி மாடியிலிருந்து போட்டிருப்பேன்.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். விசயத்தைச் சொன்னோம். “யா அல்லாஹ்!” என்று தலையில் கை வைத்தவர், தன்னுடைய போனையே எடுத்து நீட்டினார். “பேசுங்க மிஸ். ஜெர்மனிக்கே பேசுங்க.”

ஜெர்மனிக்காரர் வேலைத்தளத்தில் நின்று பேசினார். பின்னால் யந்திரம் இரைந்தது. முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார். நம்பியதும் குரல் உடைந்துவிட்டது. “தம்பி, அறம்புறமாய், கணக்குவழக்கில்லாமல் எல்லாரும் சாகினம். நான் ஆரெண்டு பாக்கிறேல்லை ராசா, படத்தை எடுத்துப் போடுறன், அவ்வளவுதான். என்னை மன்னிச்சுக்கொள்.” அன்றைக்கே அறிவித்தலை முழுதாக எடுத்துவிட்டார். எடுத்ததும் வினையாகப் போனது. அழுதவர்கள் அழுதபடியே போய்விட்டார்கள், பொய் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. பிறகு அவர் திருத்தம் ஒன்று போட்டார். சட்டம் இல்லாத வெறும் எழுத்து. அதை யார் பார்த்தார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அதற்குள் சண்டை முடிந்துவிட்டது. கண்டி முழுவதும் கொடி. பாடசாலையிலும் கொடியேற்றினோம், பிள்ளைகளோடு நானும் நின்றேன். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவர் கடைக்குள்ளேயே இருந்தார். வன்னிச் சனம் முழுவதும் முகாமில் என்றார்கள். முள்ளுக்கம்பி, உள்ளே போக விடமாட்டார்கள், வெளியே வரவும் விடமாட்டார்கள். அவர் தெரிந்த ஃபாதர்மார், சிஸ்டர்மார் எல்லோருக்கும் அம்மாவின் பெயரைக் கொடுத்து வைத்திருந்தார். ஒரு தகவலும் இல்லை. கலியாணப் பேச்சை நான் எடுக்கவில்லை. எடுத்தால் சண்டைதான் வரும்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் என்னையும் அவரையும் அறைக்குக் கூப்பிட்டார். கதிரையில் உட்காரச் சொல்லிவிட்டு, அவர் உட்காராமல் நின்றார். அந்த ஊர்ப் பங்குச் சாமியார் வவுனியாவில் இருக்கிறார் என்று விசாரித்து அறிந்து, போனில் பிடித்திருக்கிறார். மாப்பிள்ளை கட்டாதவர்தானா என்று ஒரு வார்த்தை கேட்க.

“நான் கேட்டேன் டீச்சர். அந்த ஃபாதர் அழுகுறார். அந்தப் பிள்ளை செத்துப்போச்சே, தாய்க்கு நானே போய் ஆறுதல் சொன்னேன், முகாம்லயே பூசையும் ஒப்புக்கொடுத்தாச்சுங்கிறார். நான் என்ன சொல்றது? செத்தவர் போன ஞாயிறு இங்கதான் பாடினாரு, சுருதி சேராமன்னு சொன்னேன்.”

அவர் அந்தப் பேச்சில் ஒன்றே ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார்.

“தாய்க்குச் சொன்னவரோ? அப்ப அம்மா இருக்கிறாவோ?”

“இருக்கிறாங்க தம்பி.”

அப்படி ஓர் அழுகையை நான் ஆண்பிள்ளையிடம் கண்டதில்லை. மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மா உயிரோடு இருக்கிறாள். ஆனால் அம்மாவுக்கு அவர் இல்லை. நல்ல செய்தியும் நாசமாய்ப் போன செய்தியும் ஒரே போனில் வருமா? எங்களுக்கு வந்தது.

ஃபாதர் திரும்ப எண்ணைச் சுழற்றிப் போனை அவர் கையில் கொடுத்தார். “சுவாமி, நான்தான்,” என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். “ஓம் சுவாமி, நான்தான், சாகேல்லை. அது கலியாணத்துக்குப் போட்டது. ஓம். ஓம். டீச்சர். அம்மாவுக்குச் சொல்லுங்கோ சுவாமி, இண்டைக்கே போய்ச் சொல்லுங்கோ.”

இன்றைக்கே போக முடியுமா? சாமியாரின் அனுமதிச் சீட்டு முடிந்துவிட்டதாம். மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும், அவர்கள் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். அந்த வாரமும் போனது, அடுத்த வாரமும் போனது. அங்கே ஒரு தாய் கூடாரத்துக்குள் மகனுக்காக முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறாள். இங்கே மகன் தலைவலிக் குளிசை விற்றுக்கொண்டிருக்கிறார். கலியாணத்துக்கு இனித் தடையில்லை என்று ஃபாதர் சொல்லிவிட்டார். சொந்தப் பங்குச் சாமியாரே வாயால் சாட்சி சொன்ன பிறகு என்ன தடை? ஆனால் அவர் அசையவில்லை.

“அவ என்னை அடக்கம் செய்துபோட்டு இருக்கேக்கை நான் மாலை போட்டுக்கொண்டு நிக்கிறதோ?” என்றார்.

பஸ் நிறுத்தத்தில் வைத்தே நான் கத்திவிட்டேன். “நான் மட்டும் என்ன செய்றது? எனக்கும் வயசு போகுது, தெரியுமா?” என்றேன். பஸ் வந்தது, அவர் ஏறிப் போய்விட்டார்.

கடைசியில் ஒரு சிஸ்டர்தான் உள்ளே போனார். கன்னியர் மடத்துக்காரர், தாய்மாருக்கு மாவும் சோப்பும் கொண்டுபோகிற அனுமதியில் போனவர். நான் என் படத்தையும் அவருடைய படத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினேன். நரையோடுதான். சிஸ்டர் திரும்பி வந்து சொன்னார், அம்மா படத்தைக் கையில் வாங்கிக் கனநேரம் பார்த்தாவாம். பிறகு “சரி” என்றாவாம். அதற்கு மேல் ஒன்றுமே பேசவில்லையாம்.

“வேறை ஒண்டும் கேக்கேல்லையோ?” என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். சிஸ்டருக்கும் சொல்ல வேறொன்றும் இருக்கவில்லை. அதிர்ச்சியாக இருக்கும், நம்பக் கொஞ்ச நாள் எடுக்கும் என்று நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்டோம்.

கலியாணம் சாதாரணமாக நடந்தது. காலைப் பூசையோடு, பாடகர் குழுவோடு. கடைக்காரர் மகளோடு வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார். ஜெர்மனிக்காரர் எங்கள் படத்தைப் பக்கத்தில் போட்டார். பூப்போட்ட புதுச் சட்டம் ஒன்று செய்திருந்தார், எங்களுக்காகவே. அப்படியும் இரண்டு பேர் கீழே ஆழ்ந்த அனுதாபம் என்று எழுதியிருந்தார்கள்.

அவருடைய அம்மாவை, என் மாமியை, முகாமிலிருந்து விட்ட பிறகு அவர் போய்க் கூட்டி வந்தார். நான் வாசலில் நின்றேன். சின்ன உருவம், வெயிலில் கருகிய முகம், கையில் ஒரு பை. வரும் வழியெல்லாம் மகனின் கையைப் பிடித்தபடியே வந்திருக்கிறா, ஆனால் அதிகம் பேசவில்லையாம். எனக்கு முத்தம் தந்தா. சோறு சாப்பிட்டா. தூங்கினா. நான் எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்த அழுகை வரவேயில்லை.

அடுத்த நாள் அவர் வேலைக்குப் போய்விட்டார். நான் லீவு போட்டிருந்தேன். சமையலறையில் மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. நான்தான் பேச்சை எடுத்தேன். எத்தனை மாதமாகத் தொண்டையில் கிடந்த பேச்சு.

“மாமி, அந்த அறிவித்தலால உங்கள எவ்வளவு கஷ்டப்படுத்திட்டோம். இவரு இல்லன்னு நீங்க எப்படி அந்த நாளெல்லாம் இருந்தீங்களோ.”

மாமி தலையை நிமிர்த்தவில்லை.

“முதல் நாள் அழுதன் பிள்ளை. ரெண்டாம் நாளும் அழுதன். பிறகு பூசை வைச்சினம், சாமியார் நல்லாய்ப் பிரசங்கம் சொன்னவர். அண்டைக்கு ராத்திரி நித்திரை வந்திட்டுது.” ஒரு வெங்காயத்தை உரித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தா. “என்னோடை இருந்த பொம்பிளையளுக்கு நித்திரை இல்லை. பொடியளைப் பிடிச்சதோ, வைச்சிருக்கினமோ, அடிக்கினமோ, ஒண்டும் தெரியாது. எனக்குத் தெரியும். என்ரை பிள்ளை செத்திட்டான். கடவுளிட்டைப் போயிட்டான். இனி அவனை ஒருத்தரும் பிடிச்சுக்கொண்டு போகேலாது. அவன் பிறந்த நாளிலை இருந்து எனக்கு அப்பிடி ஒரு நித்திரை வந்ததில்லை.”

அடுப்பில் சோறு பொங்கி வழிந்ததைக்கூடப் பார்த்துக்கொண்டே நின்றேன். மாமிதான் எழுந்து வந்து மூடியைத் தூக்கினா.

“பிறகு அந்தச் சிஸ்டர் படத்தைக் கொண்டந்தா,” என்றா. “சந்தோசம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. பெத்தவளுக்குச் சந்தோசமில்லாமல் இருக்குமோ? ஆனால் இனித் திரும்பவும் பயப்பட வேணுமெல்லோ, பிள்ளை.”

மறுநாள் விடிந்ததும் அவர் வழக்கம்போல பிலிமத்தலாவை பஸ்ஸுக்கு வெளிக்கிட்டார். படலையைத் தாண்டி, கை காட்டிவிட்டு, வளைவில் திரும்பினார். மாமி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அந்த வளைவையே பார்த்துக்கொண்டு நின்றா. அதற்குப் பிறகு எங்களோடு இருந்த காலம் முழுவதும் ஒவ்வொரு காலையிலும் அப்படியே நின்றா, ஒவ்வொரு காலையிலும் என்னிடம் அதையே கேட்டா.

“ஐசியை எடுத்துக்கொண்டு போனவனோ?”

எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார் மாமி என்பேன். அவர் திரும்பி வரும்வரைக்கும் மாமி ஒரு கண்கூட மூடமாட்டா.